பொய்ச் சண்டையில் மெய் எது?

தமிழில் உடம்புக்கும் மெய் என்று பெயர். உண்மைக்கும் மெய் என்று பெயர். இலக்கண ஆசிரியர்கள் இதற்கு எந்தக் காரணத்தைக் கூறினாலும் கூறட்டும். உழைத்துப் பிழைக்கும் மனிதனுக்கு இந்த ஒற்றுமையின் பொருள் விளங்காமற் போகாது. கணக்குப் புத்தகம் பொய் சொல்லலாம். காய்த்துப்போன கை பொய் சொல்வதில்லை. ஆனால் உடம்பையே முதலாகவும் சரக்காகவும் கொண்ட ஒரு தொழிலில், அந்த உடம்பு பல்லாயிரம் பேர் பார்த்திருக்கப் பொய்ச் சண்டை போடுகின்றது என்றால், அங்கே மெய்யே பொய்யாகிவிட்டதா? அல்லது பொய் வேறெங்கோ ஒளிந்திருக்கின்றதா?

இது தத்துவ வகுப்புக்கு மட்டும் உரிய கேள்வியன்று. ஊர்காவற்றுறையில் படகேறிப் போகவேண்டிய எழுவைதீவு, ஒன்றரைச் சதுர கிலோமீற்றர் பரப்புக்கூட இல்லாத நிலம். பனையும் கடலுமே அதன் செல்வம்; குடியிருப்போர் சில நூறு பேர். அத்தகைய தீவுக்கும் தொலைக்காட்சியின் வழியாகவும் கைத்தொலைபேசியின் வழியாகவும் அமெரிக்க மல்யுத்த மேடை வந்து சேர்ந்துவிட்டது. உலக வரைபடத்தில் ஊரைக் காட்டச் சொன்னால் தடுமாறும் பிள்ளை, ‘கிரேட் காளி’யின் உயரத்தைத் தடுமாறாமற் சொல்வான். அவனுடைய முதற் கேள்வி இதுதான்: “அது மெய்ச் சண்டையோ, பொய்ச் சண்டையோ?” பெரியவர்களின் விடை ஆயத்தமாய் இருக்கின்றது: “எல்லாம் பொய். போய்ப் படி.” இவ்விடை பாதி சரியானது. மீதிப் பாதியைப் பற்றியே இக்கட்டுரை.

உதைபந்தாட்டம், உடற்கட்டு, தொழின்முறை மல்யுத்தம் ஆகிய மூன்று களங்களையும் ஒரே மனிதர் கடந்த வரலாறு ஒன்று அமெரிக்காவில் உண்டு. லெக்ஸ் லூகர் என்று மேடையில் அறியப்பட்ட அவரது இயற்பெயர் லோறன்ஸ் ஃபோல். 1958 இல் நியூயோர்க் மாநிலத்துப் பஃபலோவிற் பிறந்தவர். மயாமிப் பல்கலைக்கழகத்தின் உதைபந்தாட்ட அணியிற் சேர்ந்தார். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று அழைப்பது நம் பிள்ளைகள் காலால் ஆடும் ஆட்டமன்று. பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு உடலோடு உடல் மோதி ஆடுவது. பெயரைப் பறித்துக்கொண்டு பந்தைக் கையில் எடுத்துவிட்டார்கள்! பின்னர் அவர் கனடாவில் மொன்றியல் அணிக்கு ஆடினார். 1982 இல் கிறீன் பே பக்கர்ஸ் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் அப்பருவம் காயப்பட்டோர் பட்டியலிலேயே கழிந்தது. 1985 இல் மல்யுத்த மேடை ஏறினார். 1992 இல் மல்யுத்த முதலாளி வின்ஸ் மக்மகன் நடத்திய உடற்கட்டு நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. அந்த ஆண்டிலேயே அந்நிறுவனம் மூடப்பட்டது. 1993 இல் அதே முதலாளியின் மல்யுத்த மேடையில் தோன்றினார். 2007 ஒக்டோபரில் முள்ளந்தண்டுக்குச் செல்லும் குருதியோட்டம் தடைப்பட்டு, கையும் காலும் அசையாமற் படுத்தார். பின்பு ஓரளவு நடமாட்டம் மீண்டது.

நமக்கு அருகே இந்தியாவில், இதற்கு நெருங்கிய வரலாறு தலிப் சிங் ராணாவுடையது. அவரைத்தான் நம் பிள்ளைகள் ‘கிரேட் காளி’ என்று அறிவார்கள். இமாசலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்து மலைக் கிராமமொன்றில் 1972 இல் பிறந்து, வறுமையிற் கூலி வேலைகள் செய்து, சிம்லாவிற் காவலாளியாய் நின்றவர். அவருடைய ஏழடி உயரத்தைக் கண்ட பஞ்சாப் பொலிஸ் அதிகாரி ஒருவர் 1993 இல் அவரைப் பொலிசிற் சேர்ப்பித்தார். ஜலந்தரில் உடற்பயிற்சி, ‘மிஸ்டர் இந்தியா’ ஆணழகர் பட்டம், 2000 இல் கலிபோர்னியாவில் மல்யுத்தம். உதைபந்தாட்டம் மட்டும் அவருக்கு நடிப்பாகவே கிட்டியது: 2005 இல் வெளியான ஹொலிவூட் படமொன்றில் சிறைக் கைதிகளின் அணியில் ஓர் ஆட்டக்காரராகத் தோன்றினார்.

இரண்டு மனிதர், ஒருவர் வசதியான நாட்டின் பல்கலைக்கழக மைதானத்திலிருந்து வந்தவர், மற்றவர் கூலிக்களத்திலிருந்து வந்தவர். இருவரும் போய்ச் சேர்ந்தது ஒரே மேடை. இந்தப் பாதையில் உடம்புக்கு என்ன நிகழ்கின்றது என்பதை ஒவ்வொரு படியாகக் காண்போம்.

உதைபந்தாட்டத்தின் அழகு, அது தனி மனிதனுக்கு உரியதன்று என்பதில் இருக்கின்றது. எழுவைதீவு போன்ற சிறு நிலத்தில் இது இன்னும் துலக்கமாய்த் தெரியும். பெரிய நகரத்தில் பதினொரு பேரைத் தேடும்போது, பிடிக்காதவனை விலக்கிவிட்டு வேறொருவனை அழைக்கலாம். சில நூறு பேர் வாழும் தீவில் அப்படி விலக்க முடியுமா? கோயிலுக்குப் போகிறவனும் தேவாலயத்துக்குப் போகிறவனும் சேர்ந்தால்தான் அணி நிறையும். கடலுக்குப் போகிறவனின் மகனும் பனையேறுகிறவனின் மகனும் வாத்தியாரின் மகனும் ஒரே பந்தைத் தள்ளினால்தான் ஆட்டம் நடக்கும். கிணற்றடியில் அள்ளக்கூடாது என்று விலக்கப்பட்டவனை, கோல் காக்க வா என்று கூப்பிடவேண்டிய நிலை வரும்போது, சாதி ஒரு கணமாவது வெட்கப்படவேண்டும். உடம்பு அங்கே பார்ப்பதற்கான பொருளன்று; இன்னொருவனுக்குப் பந்தைக் கொடுப்பதற்கான வழி.

உதைபந்தாட்டத்தைச் சொர்க்கமாக்கிவிடவும் நான் ஆயத்தமில்லை. ‘இந்த வீரரை இத்தனை கோடிக்கு வாங்கினார்கள், விற்றார்கள்’ என்று பத்திரிகைகள் கூசாமல் எழுதுகின்றன. மனிதரைக் குறித்து வாங்கல் விற்றல் என்ற வினைகளை நாணமின்றி வழங்கும் தொழில்கள் இன்று அதிகம் இல்லை. இங்கிலாந்தில் 1961 சனவரி வரை ஓர் உதைபந்தாட்டக்காரர் வாரமொன்றுக்கு 20 பவுணுக்கு மேல் ஊதியம் பெறக்கூடாது என்று விதி இருந்தது. மைதானத்துக்கு எத்தனை ஆயிரம் பேர் வந்தாலும் கூலி அதுவே. ஆட்டக்காரர் சங்கம் ஜிம்மி ஹில்லின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எச்சரித்த பின்னரே அவ்விதி ஒழிந்தது. 1963 இல் ஜோர்ஜ் ஈஸ்ற்ஹாம் தொடுத்த வழக்கில், ஆட்டக்காரரைக் கழகம் தன் விருப்பப்படி பிடித்துவைத்திருக்கும் முறை தொழில் உரிமையை நியாயமின்றித் தடுப்பது என்று நீதிமன்றம் தீர்த்தது. ஒப்பந்தம் முடிந்தபின்னும் ஆட்டக்காரரின்மேல் விலை கேட்கும் வழக்கத்தை 1995 இல் போஸ்மன் தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றியத்தில் முடித்துவைத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆட்டக்காரரோ தம் சொந்தப் பெயரையும் முகத்தையும் விற்றுப் பணம் பெறும் உரிமைக்கு 2021 யூலை வரை காத்திருக்கவேண்டியிருந்தது. லூகர் ஆடிய காலத்தில் மைதானத்து வருமானம் பல்கலைக்கழகத்துக்கு; முறிந்த எலும்பு ஆட்டக்காரனுக்கு.

ஆகவே முதற் களத்திலேயே உடம்பு சந்தைக்கு வந்துவிடுகின்றது. எனினும் அங்கே ஆட்டக்காரனுக்கு ஒரு தற்காப்பு உண்டு. அவன் பக்கத்தில் இன்னும் பத்துப்பேர் நிற்கிறார்கள், தாம் ஒருவரையொருவர் சார்ந்தவர் என்பது அவர்களுக்குத் தெரியும், பார்ப்பவர்களுக்கும் தெரியும். சங்கம் என்பது அவர்களுக்கு வெளியிலிருந்து போதிக்கவேண்டிய பாடமன்று.

இரண்டாவது களத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் மறைந்துவிடுகிறார்கள். உடற்கட்டு மேடையில் மனிதன் தனியாக நிற்கிறான். அவன் எதையும் தூக்குவதில்லை, எறிவதில்லை, ஓடுவதில்லை, தன்னைக் காட்டுகிறான். இதை வணிகமாக்கிய முதல்வர்களுள் தலையாயவர் ஜேர்மனியிற் பிறந்த யூஜின் சாண்டோ. 1893 இல் சிக்காகோ உலகக் கண்காட்சியை ஒட்டிப் புகழின் உச்சிக்கு ஏறிய அவர், மறு ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிங்கத்தோடு மற்போர் செய்வதாக விளம்பரப்படுத்தினார். சிங்கத்தின் வாய்க்கு மூடியும் பாதங்களுக்கு உறையும் போட்டிருந்தார்கள். பாவம், அந்தச் சிங்கத்துக்குச் சண்டை போடும் எண்ணமே இருக்கவில்லை! 1901 இல் இலண்டன் அல்பேட் மண்டபத்தில் அவர் நடத்திய பெரும் உடலழகுப் போட்டிக்கு நடுவராய் இருந்தவர்களுள் துப்பறியும் கதைகள் எழுதிய கொனன் டொயிலும் ஒருவர். 1904 – 1905 காலத்தில் சாண்டோ இந்தியாவுக்கும் வந்து போனார். அவர் போய்விட்டார், பெயர் இங்கேயே தங்கிவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து வந்து படத் தயாரிப்பாளரான சின்னப்பா தேவருக்கு அது பட்டமாய் ஒட்டிக்கொண்டது. தசை திரண்ட மனிதனைச் சாண்டோ என்று அழைப்பது தமிழ் வழக்காகிவிட்டது.

அடிமைப்பட்ட நாட்டில் உடற்கட்டுக்கு வேறொரு பொருளும் இருந்தது என்பதை மறந்துவிடக்கூடாது. வங்காளிகள் மெலிந்தவர், வீரமற்றவர் என்று ஆங்கிலேயர் எழுதினார்கள்; அதற்கு விடையாக வங்காளத்தில் உடற்பயிற்சிக் கூடங்கள் எழுந்தன. 4 அடி 11 அங்குல உயரமே கொண்ட மனோகர் ஐச் இந்த மரபில் வந்தவர். 1942 இல் விமானப் படையிற் சேர்ந்தவர், இந்தியரை இழிவுபடுத்திப் பேசிய ஆங்கிலேய அதிகாரியை அறைந்து சிறை புகுந்தார். கருவிகள் ஏதுமற்ற சிறைக் கொட்டடியில் நாள்தோறும் பல மணி நேரம் உடற்பயிற்சி செய்தார். அங்கே அவருடைய உடம்பு ஓர் அரசியல் வாக்கியம் என்று கூறலாம்: நீ அடைத்துவைத்திருப்பது என்னையன்று என்ற வாக்கியம். 1952 இல் இலண்டனில் தம் உயரப் பிரிவில் உலக ஆணழகர் பட்டம் பெற்றார். அதன் பிறகு? பட்டம் சோறு போடவில்லை. நாடு கைதட்டியது, சர்க்கஸ் கூடாரம் கூலி கொடுத்தது. 2016 இல் நூறு வயதைத் தாண்டி அவர் இறந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் தசைகளின் படத்தைப் போட்டன.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்து வாசகரை நோக்கி ஒன்று சொல்லவேண்டியிருக்கின்றது. அகன்ற மார்பு, ஒடுங்கிய இடை, முறுக்கேறிய தோள் என்று ஆணழகர் போட்டியின் நடுவர்கள் தேடும் உடம்பு தீவகத்தில் என்றும் இருந்திருக்கின்றது. காலில் தளைநார் மாட்டி, இடையிற் கத்தியும் முட்டியுமாய், காலையும் மாலையும் மரத்துக்கு மரம் ஏறி இறங்கிய சீவல் தொழிலாளியின் உடம்பு அது. பனையோடு உராய்ந்து உராய்ந்து அவன் நெஞ்சில் தோல் தடித்துக் கிடந்தது. அந்த உடம்பை நம் சமுதாயம் அழகென்று சொல்லிற்றா? கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியது. தேநீர்க்கடையில் அதற்கெனத் தனிக் குவளை வைத்தது. இந்தக் கொடுமைகளுக்கு எதிராக 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டபோது பொலிசார் அதன்மேற் பாய்ந்தார்கள். அதே சமுதாயம் இன்று பணங்கொடுத்து, குளிரூட்டிய கூடத்தில், கண்ணாடிக்கு முன் நின்று, அதே தோளையும் அதே மார்பையும் உண்டாக்க முயல்கின்றது. உழைப்பால் வந்த தசை இழிவு, உழைப்பிலிருந்து பிரித்தெடுத்த தசை அழகு! சரக்கு என்பதன் இரகசியம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் வெளிப்படுமோ, நான் அறியேன். பண்டத்தில் உழைப்பின் தடம் மறைந்திருந்தாற்றான் அதற்கு மினுக்கம்.

இனி மூன்றாவது களத்துக்கு வருவோம். ‘எல்லாம் பொய்’ என்ற பெரியவர்களின் தீர்ப்பு எழுவதும் இங்கேதான்.

வெற்றி தோல்வி முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது என்பது உண்மை. ஆனால் முடிவு தெரிந்த காட்சியெல்லாம் பொய்யென்றால் காத்தவராயன் கூத்தும் பொய்யன்றோ? காத்தவராயன் கழுவேறுவான் என்பது தாயின் மடியில் இருந்து கூத்துப் பார்க்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய இருக்கிறோம், தெரிந்தும் அழுகிறோம். கூத்தாடியைப் பொய்யன் என்று எவரும் ஏசுவதில்லை. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலண்ட் பார்த் 1957 இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலின் முதற் கட்டுரையை மல்யுத்தத்துக்கே ஒதுக்கினார். அதை விளையாட்டென்று கொள்ளாமல், நன்மை தீமைகளின் நாடகமென்று கொள்ளவேண்டும் என்பது அவர் கருத்து. ஏற்கத்தக்க கருத்தே. ஆனால் அவர் பார்வையாளர் இருக்கையிலிருந்து எழுதினார். மேடையில் விழுகிறவனின் முதுகிலிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும்.

தலைக்கு மேல் தூக்கி எறிவதைப் பார்த்திருப்பீர்கள். நூறு கிலோவுக்கு மேற்பட்ட மனிதனை ஒருவன் தனியே அவ்வாறு தூக்கிவிட முடியாது. எறியப்படுகிறவன் தானே துள்ளித் தன் எடையைத் தூக்குபவனுக்கு எளிதாக்குகிறான். எறிகிறவன் எதிராளியின் தலை தரையில் மோதாதவாறு, முதுகு பரவி விழுமாறு, பிடியைக் கணக்கிட்டு விடுகிறான். காதோடு காதாக அடுத்த அசைவைச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒருவன் அரை நொடி தவறினால் மற்றவனின் கழுத்து முறியும். ஆகவே அது சண்டையே அன்று. மிக நுட்பமான கூட்டு உழைப்பு. மரத்தின் உச்சியில் நிற்பவனும் கீழே கயிறு பிடிப்பவனும் ஒருவரையொருவர் நம்புவதுபோல, சுரங்கத்தில் தூண் நாட்டுபவனை நிலக்கரி வெட்டுபவன் நம்புவதுபோல, ஒருவன் உயிரை ஒருவன் கையில் ஒப்படைத்துச் செய்யும் தொழில்.

இப்போது பொய் எங்கே இருக்கின்றது என்பது துலங்கும். யார் வெல்வார் என்பது அன்று அம்மேடையின் பொய். ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டிருக்கும் இரு தொழிலாளரை, ஒருவரையொருவர் கொல்ல வந்த இரு பகைவராகக் காட்டுகிறார்களே, அதுதான் பொய். ஒத்துழைப்பை மறைத்துப் போட்டியைக் காட்டுவது மல்யுத்த முதலாளிகளின் தனிக் கண்டுபிடிப்பும் அன்று. தேயிலைத் தோட்டத்தில், துறைமுகத்தில், ஆடைத் தொழிற்சாலையில், ஆயிரம் கைகள் சேர்ந்தாலன்றி ஒரு பொருளும் உருவாகாத இடங்களிலெல்லாம், பக்கத்து மனிதன் உன் போட்டியாளன் என்றுதான் தொழிலாளிக்குச் சொல்லப்படுகின்றது. மல்யுத்த மேடை அந்தப் பாடத்தை ஒளியும் இசையும் சேர்த்து நடத்திக் காட்டுகின்றது, அவ்வளவே.

மக்மகனின் நிறுவனம் தன் சண்டைகள் பொழுதுபோக்கே என்று ஒருமுறை சட்டசபை முன்னிலையில் ஒத்துக்கொண்டது. எப்போது? 1989 இல், நியூ ஜேர்ஸி மாநிலத்தில். உண்மையின்மேல் திடீரென்று பிறந்த காதலால் அன்று. மெய்யான விளையாட்டென்றால் மாநில விளையாட்டு ஆணையத்தின் மேற்பார்வைக்கு உட்படவேண்டும், வரி செலுத்தவேண்டும். பொழுதுபோக்கென்றால் அவற்றிலிருந்து விலக்குக் கேட்கலாம். அரை நூற்றாண்டுக்கு மேல் இத்தொழிலின் முதலாளிகள் கட்டிக்காத்த இரகசியம், இலாபம் தரும் நாள் வந்ததும் வெளியே வந்தது. பொய் சொன்னதும் இலாபத்துக்காக. மெய் சொன்னதும் இலாபத்துக்காக.

காட்டப்படும் பகை வெறும் இரு மனிதரிடையே நின்றாலும் பொறுத்துக்கொள்ளலாம். அதை இனத்தின்மேல் ஏற்றும்போது விளைவு நஞ்சாகின்றது. 1993 யூலை 4 ஆந் திகதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தில், நியூயோர்க்கில் நிறுத்தப்பட்டிருந்த பழைய போர்க்கப்பலொன்றின் மேற்றளத்தில், லெக்ஸ் லூகர் யோக்கொசூனா என்ற மாபெரும் உடலினரைத் தூக்கிப் போட்டார். ஜப்பானியப் பொருள்கள் தம் சந்தையைப் பிடிக்கின்றன என்று அமெரிக்கர் புழுங்கிய காலம் அது. தொழிற்சாலைகள் மூடப்படுவதற்குக் காரணம் தேடிய தொழிலாளிக்கு, இதோ காரணம் என்று ஒரு சப்பானியச் சூமோ வீரர் காட்டப்பட்டார். அந்தச் ‘சப்பானியர்’ உண்மையில் சமோவா வழிவந்த அமெரிக்கர்! ராணாவுக்கும் இதுவே நேர்ந்தது. 2006 இல் அவர் அங்கு அறிமுகப்படுத்தப்பட்டபோது, இந்தியக் காடுகளில் உலாவிப் புலிகளை முறைத்துப் பார்த்தவர் என்று கதை கட்டினார்கள். பொலிஸ் வேலை பார்த்த மனிதர், அமெரிக்கப் பார்வையாளருக்குக் காட்டு மிருகமானார். 2007 இல் உலகப் பட்டம் பெற்றதும் இந்தியத் தொலைக்காட்சிக்குத் தேசத்தின் பெருமையானார். சரக்கு ஒன்று, சந்தைக்கேற்ப ஒட்டும் தாள் இரண்டு. கூத்திலும் அசுரன் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அசுர வேடம் போட்டவன் விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு நம் பக்கத்து வீட்டுக்குத் திரும்புகிறான். அவன் பெயர் நமக்குத் தெரியும்.

1950களிலும் 60களிலும் தமிழ் வீடுகளில் தாராசிங், கிங்கொங் என்ற பெயர்கள் பழமொழி போல வழங்கின. அந்தத் தாராசிங் 1959 இல் கல்கத்தாவில் வென்று பொதுநலவாயப் பட்டம் பெற்றபோது தோற்றவர் கனடாவின் ஜோர்ஜ் கோர்டியென்கோ. இளமையிற் கம்யூனிஸ்ட் இயக்கத்தோடு கொண்ட தொடர்பின் காரணமாக, அமெரிக்க மேடைகள் அவருக்கு நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தன. பிற்காலத்தில் அவர் ஓவியரானார். கல்கத்தா மைதானத்தில் கூச்சலிட்டவர்களுள் எத்தனை பேருக்கு, விழுந்து கிடந்த வெள்ளையர் தம் பக்கத்து மனிதர் என்று தெரிந்திருக்கும்!

பொய்ச் சண்டையில் உடம்பு படும் பாடு மட்டும் பொய்யன்று. ராணாவின் உயரத்துக்குக் காரணம் மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியில் வளர்ந்த கட்டி. 2012 இல் அதை அறுவைச் சிகிச்சையால் அகற்றினார்கள். மருத்துவன் நோயென்று கூறியதை மேடை அதிசயமென்று விற்றது. அவருக்கு முன்னர் பிரான்சிலிருந்து வந்த ஆந்திரே என்ற பேருருவரும் இதே நோயை மேடையிற் சுமந்து, 1993 இல் 46 வயதில் இறந்தார். 2001 இல், ராணா பயின்ற கலிபோர்னியப் பயிற்சிக்கூடத்தில், அவரோடு பயிற்சி செய்த இளைஞரொருவர் தலையில் அடிபட்டு மாண்டார். அவ்விளைஞர் முன்னரே தலையில் அடிபட்டிருந்தவர். வழக்கில் நீதிமன்றம் பொறுப்பாளியாகக் கண்டது பயிற்சிக்கூடத்தின் நிறுவனத்தையே. 13 இலட்சம் டொலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. இத்தீர்ப்பில் ஒரு நீதி இருக்கின்றது. இருவர் கூடிச் செய்யும் அபாய வேலையில், பாதுகாப்புக்குப் பொறுப்பு வேலை கொடுத்தவனுடையது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. இவர்கள் விரும்பித்தானே போனார்கள்? கூலி வேலை செய்து மடிந்திருக்கவேண்டிய ராணா, பெருஞ்செல்வம் தேடி, 2015 இல் ஜலந்தரிற் சொந்தப் பயிற்சிக்கூடமும் தொடங்கினாரே? வகுப்பறையில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு அவருக்காக இரங்குவது நமக்குத் தகுமா? தகாதுதான். இரக்கம் இங்கே வேண்டப்படவில்லை. கூலிக்களத்தைவிட மேடை மேலானது என்று அவர் தெரிந்தெடுத்தது அறிவுடைமையே. ஆனால் பட்டினிக்கும் முறிந்த கழுத்துக்கும் இடையே ஒன்றைத் தெரிந்தெடுக்கும் உரிமையைச் சுதந்திரம் என்று அழைக்க என் நா எழவில்லை. மேலும், தப்பிப் பிழைத்த ஒருவரின் மாளிகையைக் காட்டி, தப்பாதவர்களின் கணக்கை மூடிவிடுவது பழைய தந்திரம். லொத்தர்ச் சீட்டு விற்பவனும் அதையே செய்கிறான்.

கணக்குக் கேட்க முயன்ற ஒருவர் இருந்தார். 1986 இல், ஆண்டின் மிகப் பெரிய மல்யுத்த நிகழ்ச்சி நெருங்கியபோது, ஜெஸி வெஞ்சுரா என்ற மல்லர் உடை மாற்றும் அறையில் தம் தோழரிடம் சங்கம் அமைப்போம் என்று பேசினார். நிகழ்ச்சி நெருங்கும் வேளை. எல்லாரும் ஒருமித்து நின்றால் முதலாளியால் எதுவும் செய்யமுடியாது. உதைபந்தாட்டக்காரர் 1961 இல் வென்றது இவ்வாறுதானே? ஆனால் செய்தி முதலாளியின் காதுக்கு உடனே போய்ச் சேர்ந்தது, முயற்சி கருகியது. யார் சொன்னார் என்பது வெஞ்சுராவுக்குப் பல ஆண்டுகள் தெரியவில்லை. தமக்குச் சேரவேண்டிய உரிமைப் பணத்துக்காக அவர் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தபோது, சத்தியம் செய்து அளித்த வாக்குமூலத்தில் மக்மகன் பெயரைச் சொன்னார்: ஹல்க் ஹோகன். மேடையில் நன்மையின் வடிவமாய், பிள்ளைகளின் நாயகனாய் நின்றவர் ஹோகன். மேடையில் தீயவனாய் வேடம் பூண்டு ஏச்சு வாங்கியவர் வெஞ்சுரா. வழக்கில் வெஞ்சுரா வென்றார். 1998 இல் மினசோற்றா மாநிலத்தின் ஆளுநராகவும் தெரிவானார். சங்கம் மட்டும் அமையவில்லை. நிறுவனம் தன் மல்லரை ஊழியர் என்று ஏற்பதில்லை. ‘சுயாதீன ஒப்பந்தக்காரர்’ என்று அழைக்கின்றது. எங்கே ஆடுவது, யாரிடம் தோற்பது என்பதையெல்லாம் நிறுவனம் தீர்மானிக்கும். மருத்துவக் காப்புறுதி என்று வரும்போது மட்டும் அவர் சுயாதீனர்! இதை எதிர்த்து 2008 இல் மல்லர் மூவர் தொடுத்த வழக்குத் தள்ளுபடியாயிற்று. தலைக்காயங்களால் மூளை சிதைந்தது என்று பழைய மல்லர் பலர் தொடுத்த வழக்கும் 2018 இல் தள்ளுபடியாயிற்று.

இவர்கள் படம் உலகெங்கும் சுவரிலே தொங்குகின்றது. யாழ்ப்பாணத்துச் சீவல் தொழிலாளியின் படம் எவர் வீட்டுச் சுவரிலும் தொங்கியதில்லை. ஆனால் 1970களில் அந்தத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாய்ச் சேர்ந்தார்கள். தவறணைக் குத்தகைக்காரர் சொன்ன விலைக்குக் கள்ளை ஊற்றிவிட்டுப் போன நிலை மாறி, விற்பனை சங்கங்களின் கைக்கு வந்தது. பனை தென்னை வள அபிவிருத்திச் சங்கங்கள் என்ற பெயரில் அவை போரையும் இடப்பெயர்வையும் கடந்து நிற்கின்றன. அவற்றுள்ளும் குறைகள் உண்டு; கணக்குப் பிணக்குகள் உண்டு; இளைஞர் தொழிலுக்கு வருவதில்லை என்ற முறைப்பாடும் உண்டு. ஆயினும் அச்சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், மரத்தால் விழுந்து இடுப்பு முறிந்த ஒருவர் எழுந்து நின்று, என் பங்கு எங்கே என்று கேட்கலாம். பதில் சொல்ல ஒரு தலைவர் அங்கே இருந்தாகவேண்டும். லெக்ஸ் லூகர் 2007 இல் அசையாமற் படுத்துக் கிடந்தபோது, அவ்வாறு கேட்பதற்கு அவருக்கு ஒரு கூட்டம் இருக்கவில்லை.